இயங்காத லப்டொப்பிலிருந்து கோப்புகளை எடுப்பது

"லப்டொப் ஓடுதில்லை, படமெல்லாம் போச்சு" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். லப்டொப் ஓடாமல் போக சார்ஜர், பட்டரி, மதர்போட், ரம் எனும் நினைவகத் துண்டு, திரை, விண்டோஸ் என்று பல காரணம் உண்டு. கலியாணப் படங்களும், ஹோட்டல் கணக்கும், உயர்தர வகுப்புக்கு அடித்து வைத்த வினாத்தாள்களும் கிடப்பது டிஸ்க்கில். டிஸ்க் நலமாக இருந்தால் மற்ற எது பழுதானாலும் அவை அப்படியே இருக்கும். ஆகவே லப்டொப்பைத் திருத்துவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் டிஸ்க்கில் உள்ளதை இன்னொரு டிஸ்க்குக்குக் கொப்பி எடுக்க வேண்டும். அதுவரை பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூடப் புதிதாக எழுதப்படக் கூடாது.

கடையில் கொடுத்து "விண்டோஸ் போட்டுத் தாங்கோ" என்று சொன்னால், கடைக்காரர் கேட்டதைச் செய்வார்: ஃபோர்மட் அடித்துப் புதிய விண்டோஸ் போடுவார். அவர்மேல் பிழை சொல்ல ஏலாது. கொடுக்கும்போதே "உள்ளே இருக்கிற கோப்புகள்தான் வேணும், ஃபோர்மட் அடிக்க வேண்டாம், டிஸ்க்கைக் கழற்றினால் அதையும் திருப்பித் தரவேணும்" என்று சொல்லி, அந்த வசனத்தைப் பற்றுச்சீட்டிலும் எழுதுவியுங்கள்.

ஃபோர்மட் அடித்தாலும் மென்பொருள் போட்டு எடுத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. பழைய ஹாட் டிஸ்க்குகளில் அது ஓரளவு உண்மை. மேலெழுதப்படாத பகுதி மிஞ்சும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. ஃபோர்மட் அடித்தவுடன் விண்டோஸ் "இந்தப் பகுதிகள் இனி வேண்டாம்" என்று டிஸ்க்குக்கு அறிவிக்கிறது. இதற்கு டிரிம் என்று பெயர். அறிவிப்புக் கிடைத்ததும் எஸ்எஸ்டி தானாகவே அந்தப் பகுதிகளைத் துடைத்துவிடும். அதன்பிறகு எந்த மென்பொருளுக்கும் அங்கே வாசிக்க ஒன்றும் இருக்காது.

இன்னும் இரண்டு இடத்தில் கை தவறும். "இந்த டிஸ்க்கைப் பாவிக்க ஃபோர்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கும்போது ஓம் சொல்வது ஒன்று. டிஸ்க் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டிப் பார்ப்பது மற்றது. செக்டிஸ்க் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் கருவி, கோப்புகளைக் காப்பாற்றும் கருவி என்று அதை நினைத்துவிடக் கூடாது. திருத்தச் சொல்லி ஓட்டினால், வாசிக்க முடியாத பகுதியைக் கண்டதும் அது கோப்புகளின் அட்டவணையிலிருந்து பதிவுகளை வெட்டிவிடலாம். பிறகு பெயரில்லாத துண்டுகள் தனி ஃபோல்டரில் குவிந்து கிடக்கும்.

எந்தப் படியில் நிற்கிறது?

லைட்டே எரியவில்லை என்றால் முதலில் சார்ஜரைச் சந்தேகியுங்கள். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமின்னலில் முதலில் அடிபடுவது சார்ஜர்தான். வேறு சார்ஜர் போடும்போது அதன் வோல்ட் பழையதோடு பொருந்த வேண்டும். 19, 19.5, 20 என்று லேபிளில் போட்டிருக்கும். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறைந்தால் ஏறாது. சார்ஜர் சரி என்றால், அதைக் கழற்றிவிட்டு, பட்டரியும் கழலுமானால் அதையும் எடுத்து, பவர் பட்டனை 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டுப் பாருங்கள். மதர்போட்டில் தேங்கிய மின்னேற்றத்தால் உறைந்து நிற்கும் லப்டொப்புகள் இதில் எழும்பிவிடும்.

லைட் எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு என்றால் இருட்டில் திரைமேல் டோர்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்வெளிச்சம் மட்டுமே பழுது. எச்டிஎம்ஐ வயரால் வீட்டு டிவியில் இணைத்து அப்படியே கொப்பி எடுத்துவிடலாம், எதையும் கழற்றத் தேவையில்லை. டிவியிலும் ஒன்றும் வராவிட்டால் முதலில் ரம்மைச் சந்தேகியுங்கள். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி, டச்பே பக்கத்து வீடுகளில் கடற்காற்று ரம் துண்டின் தங்கப் பற்களில் படிந்து தொடுகையைக் கெடுக்கும். பட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ரம்மை எடுத்து, வெள்ளை அழிறப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதித் துடைத்து, சத்தம் கேட்கும் வரை அழுத்திப் பூட்டுங்கள். இரண்டு ரம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நிறுவனத்தின் சின்னம் வருகிறது, அதற்குப் பிறகு நீலத்திரை, அல்லது சுற்றிச் சுற்றி அதே இடம், அல்லது "பூட் டிவைஸ் இல்லை" என்ற வரி. இந்த நிலையில், விண்டோஸ் ஏறுமுன் திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பழுது பெரும்பாலும் விண்டோஸில். பட்டரி செத்த லப்டொப்பைச் சார்ஜரில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் கரண்ட் போனதே, அப்படிச் சொல்லாமல் போகும்போது விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் அந்த எழுத்து பாதியில் அறுந்துவிடும். பயாஸில் பெயரே இல்லை என்றால் டிஸ்க்கை ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் கீழே டிஸ்க் பழுது பற்றிய பகுதிக்குப் போங்கள்.

கழற்றாமல் எடுப்பது

கையில் வேறு கணினி எதுவும் இல்லாதபோதும் ஒரு வழி உண்டு. லப்டொப் ஏறும்போது பவர் பட்டனைப் பிடித்து மூன்று முறை தொடர்ந்து அணைத்தால் விண்டோஸ் தன் மீட்புத் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட், கொமாண்ட் புரொம்ப்ட் என்று போய் நோட்பாட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நோட்பாட் திறந்ததும் ஃபைல், ஓபன் என்று போய், கீழே "எல்லாக் கோப்புகளும்" என்று மாற்றினால் அந்தச் சிறு பெட்டியே ஃபோல்டர் பார்க்கும் ஜன்னலாகிவிடும். வேண்டிய ஃபோல்டரை வலது கிளிக்கில் கொப்பி எடுத்து, செருகிய வெளி டிஸ்க்கில் ஒட்டலாம். எவ்வளவு முடிந்தது என்று அது காட்டாது. உறைந்துவிட்டதுபோல நிற்கும், விட்டுவிடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும். இங்கே சி டிரைவ் என்பது டி அல்லது ஈ என்று மாறியிருக்கலாம், யூசர்ஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. ஹாட் டிஸ்க்கில் வழக்கமில்லாத சத்தம் கேட்டால் இந்த வழி வேண்டாம், ஏனென்றால் மீட்புத் திரைக்குப் போகும் வழியிலேயே விண்டோஸ் தானாகப் பழுதுபார்க்கத் தொடங்கிவிடும்.

இதைவிட நல்லது, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் போட்டு ஏற்றுவது. 8 ஜிபி பென் டிரைவ் போதும். இன்னொரு கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் முன்பிருந்தது எல்லாம் அழியும். எதிலிருந்து ஏறுவது என்று தெரிவு செய்யும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோ, ஏசர் என்றால் எஃப் 12, ஹெச்பி என்றால் எஃப் 9, ஆசுஸ் என்றால் எஸ்கேப். ஏசரில் பயாஸுக்குள் எஃப் 12 மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். உபுண்டு ஏறியதும் நிறுவுவதா, முயன்று பார்ப்பதா என்று கேட்கும். முயன்று பார்ப்பதையே தெரிவு செய்யுங்கள். நிறுவப் போனால் டிஸ்க் துடைக்கப்படலாம்.

விண்டோஸ் முழுதாக மூடாமல் உறங்கிய நிலையில் இருந்தால் லினக்ஸ் அந்த டிஸ்க்கை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. அதைப் பிழைச் செய்தி என்று நினைத்துக் கட்டாயப்படுத்தித் திறக்க வேண்டாம், நமக்குத் தேவையானது அதுதான். விண்டோஸில் வேறொருவரின் ஃபோல்டரைத் திறக்கும்போது வரும் அனுமதித் தடையும் லினக்ஸில் இல்லை. டிஸ்க்கே தெரியாவிட்டால் பயாஸில் டிஸ்க்கைக் கையாளும் முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றினால் தெரியலாம். மாற்றுவதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், திருப்பி மாற்றாவிட்டால் பழைய விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும்.

கொப்பி போகும் வெளி டிஸ்க் எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்க வேண்டும். ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பு போகாது. கலியாண வீடியோக்கள் அங்கேதான் நின்றுவிடும்.

கழற்றி எடுப்பது

மதர்போட் போய்விட்டால் கழற்றத்தான் வேண்டும். அடிமூடிக்குப் பெரும்பாலும் பீஎச்0 அளவு நட்சத்திர ஸ்குரூ டிரைவர் போதும். றப்பர் கால்களின் கீழும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். நீளமான ஸ்குரூவைக் குட்டையானதன் துளையில் திருகினால் மேல்பக்கத்தில் பிதுங்கும். ஆகவே ஒரு தாளில் லப்டொப்பின் அடிப்பக்கத்தைக் கீறி, கழற்றிய ஸ்குரூவை அதே இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். மூடியை நெம்பப் பழைய ஏடிஎம் கார்ட் நல்லது, கத்தி வேண்டாம். மூடி கழன்றதும் முதல் வேலை பட்டரி இணைப்பைக் கழற்றுவது. நம்மூர் வெக்கையில் நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தாலும் அது உப்புத் தண்ணீர், துவாய் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

உள்ளே மூன்று வகையில் ஒன்று இருக்கும். சீட்டுக்கட்டு அளவில் 2.5 அங்குலத் தகடு என்றால் சாட்டா என்ற இணைப்பு வகை. அது ஹாட் டிஸ்க்காகவும் இருக்கலாம், எஸ்எஸ்டியாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் ஒரே வயர்: யூஎஸ்பியிலிருந்து சாட்டா. சூயிங்கம் துண்டுபோல 22 மில்லிமீற்றர் அகலத்தில் இருந்தால் அது எம்.2. 2280 என்று எழுதியிருந்தால் நீளம் 80 மில்லிமீற்றர் என்று பொருள். 2242, 2230 என்ற குட்டைகளும் உண்டு. எம்.2 துண்டிலேயே இரண்டு வகை இருக்கின்றன. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பற்களில் ஒரு வெட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்ஈ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. எம்.2 துண்டை யூஎஸ்பியில் இணைக்கும் பெட்டி உண்டு; என்விஎம்ஈக்கு மட்டுமான பெட்டியில் சாட்டா துண்டைப் போட்டால் பொருந்தும், ஆனால் ஒன்றும் தெரியாது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வாங்கும்போதே இரண்டையும் ஏற்கும் பெட்டியாகக் கேளுங்கள். ரியல்டெக் 9210பி சிப் உள்ளது அப்படிப்பட்டது.

மூன்றாவது வகை, கழற்றவே முடியாதது. மலிவான 32, 64 ஜிபி லப்டொப்புகளில் ஈஎம்எம்சி சிப் மதர்போட்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அண்மைக்கால மக்புக்குகளும் அப்படியே. 2020இன் எம்1 சிப்பிலிருந்தும், அதற்கு முந்தைய டீ2 சிப் உள்ளவற்றிலும், தரவு அந்த மதர்போட்டின் சிப்போடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கிறது. சிப்பைப் பெயர்த்து வேறு இடத்தில் வாசிக்க முடியாது. மதர்போட்டையே உயிர்ப்பிக்கத் தெரிந்த ஆளிடம்தான் போக வேண்டும்.

பிட்லொக்கர்

பிட்லொக்கர் என்பது விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் முறை. கழற்றிய டிஸ்க்கைச் செருகியதும் 48 இலக்கச் சாவி கேட்டால் பயப்பட வேண்டாம். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கிய விண்டோஸ் 11 லப்டொப்புகள் பலவற்றில் உரிமையாளருக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். வழக்கமாக மதர்போட்டிலுள்ள டீபிஎம் சிப் தானாகத் திறந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. மதர்போட் போனால் அந்தச் சிப்பும் போச்சு, மிச்சம் இருப்பது சாவி மட்டும். ஃபோனில் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய், டிவைசஸ் பகுதியில் ரிக்கவரி கீ என்று தேடுங்கள். பல சாவிகள் இருந்தால் திரையில் காட்டும் அடையாள எண்ணின் முதல் 8 எழுத்தோடு ஒத்துப் பாருங்கள்.

உங்கள் கணக்கில் இல்லையா? லப்டொப்பை முதலில் தொடக்கிக் கொடுத்தவரின் மின்னஞ்சலில் கணக்குத் திறந்திருக்கலாம். வாங்கிக் கொடுத்த மகன், தம்பி, விற்ற கடைக்காரர் என்று கேட்டுப் பாருங்கள். வளாகமோ அலுவலகமோ கொடுத்த லப்டொப் என்றால் சாவி அவர்களின் கணினிப் பிரிவில் இருக்கும். சாவி எங்கும் இல்லை என்றால் அந்தத் தரவு வராது. காசு தந்தால் உடைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். இந்தக் காரணத்தால்தான் மீட்பு வேலைக்கு உபுண்டுவைச் சொன்னேன்: அது பயாஸிலுள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைக்காமலே ஏறும். பயாஸில் கை வைக்க வைக்க டீபிஎம் சந்தேகப்பட்டுச் சாவி கேட்கத் தொடங்கும்.

டிஸ்க்கே பழுதானால்

முதலில் காதைக் கொடுங்கள். நலமான ஹாட் டிஸ்க் மெல்லிய ஒரே சீரான சுழற்சிச் சத்தம் தரும். "டிக், டிக்" என்று சீராக அடித்துக்கொண்டால் வாசிக்கும் தலை இடம் தேடித் தவிக்கிறது. மெல்லிய பீப் சத்தம் மட்டும் கேட்டால் தலை தட்டில் ஒட்டி மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கிறது. ஆனால் இந்த இரண்டு சத்தத்தையும் நம்புமுன் மின்சாரத்தைச் சோதியுங்கள். யூஎஸ்பி 2 துளை 500 மில்லி அம்பியர்தான் தரும், நீலநிற யூஎஸ்பி 3 துளை 900. சுழலத் தொடங்கும் நொடியில் சில ஹாட் டிஸ்க்குகள் 1 அம்பியர் வரை இழுக்கும். பழைய மெலிந்த வயரில் போட்டால் நல்ல டிஸ்க்கும் டிக் டிக் என்று அடிக்கும். நீளம் குறைந்த வேறு வயரில், கணினியின் நீலத்துளையில் நேரடியாக, ஒரே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போதும் அடித்தால் உடனே கழற்றிவிடுங்கள். தலை தட்டில் உரசும் ஒவ்வொரு நிமிடமும் அங்கே காந்தப் பூச்சு சுரண்டப்படுகிறது.

சத்தம் இல்லை, டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஃபோல்டர் திறக்க ஐந்து நிமிடம் எடுக்கிறது என்றால் பழுதான பகுதிகள் இருக்கின்றன. டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். 5ஆம் இலக்கம் மாற்றியமைத்த பகுதிகளின் எண்ணிக்கை. 197 வாசிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்தவே முடியாதவை. 197இல் பூச்சியம் தவிர வேறெதைக் கண்டாலும் விண்டோஸில் வைத்து இழுத்து ஒட்டுவதை நிறுத்துங்கள். விண்டோஸ் படங்களுக்குச் சிறுபடம் செய்யவும் அட்டவணை போடவும் டிஸ்க்கை எல்லாப் பக்கமும் ஓடவிடும். பழுதான பகுதியில் மாட்டினால் திரும்பத் திரும்ப அதையே வாசிக்க முயன்று தலையைக் களைக்கவைக்கும். 199 மட்டும் ஏறியிருந்தால் வயர் பிழை, அது பெரிய விஷயமில்லை.

இங்கே பாவிக்க வேண்டியது லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். இலவசம். சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற ஏறத்தாழ 1 ஜிபி ஐஎஸ்ஓவில் ஏற்கெனவே இருக்கிறது. உபுண்டுவில் நிறுவுவதானால் பொதியின் பெயருக்கு முன்னால் ஒரு ஜி சேரும், ஓட்டும்போது அந்த ஜி இல்லை. இது கோப்புகளைப் பார்க்காது. டிஸ்க்கின் முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதி வரை அப்படியே ஒரு பிம்பக் கோப்பாக எடுக்கும். இலகுவாக வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும், மாட்டும் இடத்தைத் தாண்டிப் போகும், கடைசியில்தான் கடினமான இடங்களுக்குத் திரும்பும். சாகப்போகும் டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டிய முறை அதுதான்.

கட்டளையில் வரிசை மூன்று: முதலில் பழைய டிஸ்க், அடுத்து பிம்பம் போகும் கோப்பு, மூன்றாவது மாப் கோப்பு. முதல் இரண்டும் இடம்மாறினால் பழைய டிஸ்க்கின்மேல் எழுதப்பட்டு எல்லாம் போய்விடலாம். தொடங்குமுன் டிஸ்க் பட்டியலை எடுத்து, 500 ஜிபி எது, 2 டிபி எது என்று கொள்ளளவைப் பார்த்துப் பெயரைத் தாளில் எழுதுங்கள். முதல் ஓட்டத்தில் மைனஸ் டி, மைனஸ் என் என்ற இரண்டு தெரிவுகள்: நேரடியாக வாசி, கடினமான இடத்தைச் சுரண்டாதே. அது முடிந்ததும் அதே மாப் கோப்போடு, மைனஸ் என் இல்லாமல், மைனஸ் ஆர் 3 போட்டு இரண்டாம் ஓட்டம். அது விட்ட இடங்களுக்கு மட்டும் மூன்று முறை திரும்பப் போகும்.

மாப் கோப்பை விடவே கூடாது. எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. கரண்ட் போய் நின்றாலும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பென் டிரைவில் ஏற்றிய லினக்ஸின் மேசைத்திரையில் அதைச் சேமித்தால் கரண்டோடு அதுவும் போய்விடும், பிம்பம் போகும் வெளி டிஸ்க்கிலேயே பக்கத்தில் வையுங்கள். இந்த வேலைக்குப் பட்டரி நன்றாக நிற்கும் லப்டொப்பைப் பாவியுங்கள், மேசைக் கணினி வேண்டாம்.

பிம்பம் பழைய டிஸ்க்கின் முழுக் கொள்ளளவையும் பிடிக்கும், பாதிதான் நிரம்பியிருந்தாலும் சரி. 1 டிபி டிஸ்க்குக்கு இன்னொரு 1 டிபி போதாமல் போகலாம், 2 டிபி எடுங்கள். நலமான டிஸ்க் செக்கனுக்கு 80 எம்பி தந்தால் 500 ஜிபி ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் முடியும். யூஎஸ்பி 2இல் நாலு மணித்தியாலத்துக்கு மேல். பழுதானது இரண்டு நாள், மூன்று நாள் ஓடலாம். அவ்வளவு நேரமும் டிஸ்க் சூடாகும். பெரும்பாலான ஹாட் டிஸ்க்குகளுக்கு 60 பாகை எல்லை. எங்கள் வைகாசி, ஆனி வெயிலில் மூடிய அறையில் அந்த எல்லை தூரத்தில் இல்லை. மெத்தையில் வைக்காமல் மேசையில் வைத்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி விடுங்கள். விசிறி மேசையை ஆட்டினால் விசிறியைக் கதிரையில் வையுங்கள்.

ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை, ஒரு கணக்குக் கோப்பு என்று சிறிய தேவை இருந்தால் பிம்பத்துக்கு முன் அதை மட்டும் லினக்ஸில் இழுத்துப் பார்ப்பது என் கணிப்பில் சரி. பத்து நிமிடத்துக்கு மேல் தவித்தால் விட்டுவிட்டுப் பிம்பத்துக்குப் போங்கள்.

பிம்பம் கையில் வந்தபின் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற எல்லா முயற்சியையும் பிம்பத்தின் கொப்பியில் செய்யுங்கள். டிஸ்க்கை சி, டி என்று பிரித்துக் காட்டும் அட்டவணை போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள். ஃபோல்டர் அமைப்பைத் தேடி எடுக்க டிஎம்டிஈ, அதன் இலவசப் பதிப்பே ஒரு ஃபோல்டரிலிருந்து ஒரு தடவைக்கு 4000 கோப்புகள் வரை எடுத்துத் தரும். ஃபோட்டோரெக் என்ற மென்பொருளைக் கடைசியில் வையுங்கள். அது கோப்புகளின் உள்வடிவத்தைப் பார்த்துத் தோண்டி எடுப்பதால் பெயரும் ஃபோல்டரும் வராது, இருபதாயிரம் படம் எண்களாக வந்து குவியும்.

எஸ்எஸ்டி இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவது குறைவு. நேற்று ஓடியது இன்று தெரியாது. திடீர் மின்வெட்டுக்குப் பிறகு தெரியாமல் போனால், தரவு வயரை இணைக்காமல் மின்சாரம் மட்டும் கொடுத்து 20, 30 நிமிடம் விட்டுப் பிறகு இணைத்துப் பாருங்கள். உள் அட்டவணையை அது தானாகவே திருத்திக்கொள்ள இந்த நேரம் போதுமாக இருக்கலாம். பெயர் மாறி, கொள்ளளவு சில எம்பி என்று காட்டினால் உள்மென்பொருள் போய்விட்டது, ஆய்வுகூட வேலை. அலுமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பழைய எஸ்எஸ்டியும் மறக்கும். சிப் தொழில்துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின்படி, எழுதும் ஆயுள் முடிந்த வீட்டுப் பாவனை எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 பாகையில் 1 வருடம் தரவைப் பிடித்தால் போதும். வெப்பம் கூடக் கூட அந்தக் காலம் குறையும்.

நனைந்தவை

2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. இப்படியான நாட்களில் கூரை ஒழுகி நனைந்த லப்டொப்பை "காய்ஞ்சு போச்சா" என்று போட்டுப் பார்க்கும் ஆசை வரும். போடாதீர்கள். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் செப்புத் தடங்கள் மணித்தியாலக் கணக்கில் அரித்துப் போகும், கடல்நீர் என்றால் இன்னும் வேகம். பட்டரியைக் கழற்றி, டிஸ்க்கை எடுங்கள். எஸ்எஸ்டி என்றால் காய்ச்சி வடித்த நீரில் அலசி, பிறகு 99 வீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் மென்தூரிகையால் துலக்கி, விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுதும் காயவிடலாம். அரிசிக்குள் போடுவதால் உப்பு போகாது, தூள்தான் சேரும்.

ஹாட் டிஸ்க் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் காயவிடவே வேண்டாம். உள்ளே போன நீர் காய்ந்தால் உப்பும் சேறும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியில் சுற்றி, காற்றுப்புகாத பையில் போட்டு, அப்படியே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எழும்பும் என்ற யோசனையும் வேண்டாம். எங்கள் ஈரக்காற்றில் வெளியே எடுத்த உடனே டிஸ்க் வியர்க்கும். மூடியைத் திறப்பதும் அப்படித்தான். வாசிக்கும் தலை தட்டுக்கு மேலே சில நனோமீற்றர் உயரத்தில் பறக்கிறது, சாதாரண அறையில் மிதக்கும் ஒரு தூசி அதைவிடப் பல நூறு மடங்கு பெரிது. அதே மொடலின் வேறு டிஸ்க்கிலிருந்து பச்சைப் பலகையை மாற்றிப் பூட்டும் வழியும் இப்போதைய டிஸ்க்குகளில் அப்படியே செல்லாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள எட்டுக்கால் சிப்பில் இருக்கும், அதையும் சேர்த்து மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

கொழும்புக்கு அனுப்புவதானால்

டிக் டிக் அடிக்கும் டிஸ்க்குக்குத் தூசியற்ற அறை வேண்டும், அதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருக்கும். இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ யாராவது கையில் கொண்டுபோவது பார்சலைவிட நல்லது. நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடையுங்கள். பஸ்ஸில் காலடியில் வைக்காமல் மடியில் வையுங்கள். கொடுக்குமுன் நான்கு கேள்வி: பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, தரவு வராவிட்டால் காசு உண்டா, காசு கட்டுமுன் கோப்புப் பட்டியல் காட்டுவீர்களா, பழைய டிஸ்க் திருப்பித் தரப்படுமா. நாலாவதை விட்டுவிடாதீர்கள், அடையாள அட்டைப் படமும் காணி உறுதியும் அதில் இருக்கின்றன.

எடுத்த பிறகு

பெயர்கள் தெரிகின்றன என்று திருப்திப்பட வேண்டாம். ஒவ்வொரு ஃபோல்டரிலும் நடுவிலிருந்து நாலைந்தைத் திறந்து பாருங்கள். மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவ் ஃபோல்டரில் மேகக் குறியோடு இருந்தவை டிஸ்க்கில் இருந்திருக்காது, அவற்றை ஃபோனில் ஒன்ட்ரைவ் கணக்குக்குள் போய் எடுக்கலாம். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் ஃபோல்டரைக் கொப்பி எடுத்தால் வராது, அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. கூகிள் கணக்கில் ஒத்திசைத்திருந்தால் அங்கே இருக்கும்.

வேர்ட் கோப்பைத் திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கண்டபடி கிடந்தால் கோப்புக் கெட்டுவிட்டது என்று அழிக்காதீர்கள். அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பழைய லப்டொப்பில் இருந்த எழுத்துரு புதியதில் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரையும் பழைய டிஸ்க்கிலிருந்து சேர்த்துக் கொப்பி எடுங்கள், பெரும்பாலும் அதில் பாமினி இருக்கும்.

பழைய டிஸ்க்கை உடனே ஃபோர்மட் அடித்து வேறு வேலைக்குப் போடவேண்டாம். திகதி, லப்டொப் மொடல், பிட்லொக்கர் அடையாள எண்ணின் முதல் 8 எழுத்து ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி ஒட்டி, புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டோடு மூடி இறுகும் பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு, கடல்பக்க ஜன்னலுக்குத் தூரமாக வையுங்கள். இரண்டு மாதம் கழித்து "அந்தக் கோப்பு வரவில்லையே" என்று நினைவு வரும்போது அது தேவைப்படும்.